ஸ்ட்ரா அளவு துளை வழியா கிட்னி கல்லு

அக்கா பையனுக்கு 12 வயசு, ஒருநாள் ராத்திரி விலாவுக்குக் கீழ வலிக்குதுன்னு சுருண்டு படுத்துட்டான், ஸ்கேன் எடுத்தா கிட்னியில 2 செ.மீ. கல்லு. ஆபரேஷன்னு சொன்னதும் அக்கா அழ ஆரம்பிச்சுட்டா, அவளுக்கு அன்னைக்கு சொல்லிப் புரியவெச்சதைத்தான் இங்க எழுதுறேன்.

சின்னக் கல்லு தண்ணி குடிச்சாலே போயிடலாம், கொஞ்சம் பெருசுன்னா வெளியிலிருந்து ஷாக்வேவ் குடுத்து உடைப்பாங்க. இவ்வளவு பெருசுன்னா பெரும்பாலும் முதுகுப்பக்கம் துளை போட்டு நேரா கிட்னிக்குள்ளயே போவாங்க, பிசிஎன்எல்னு பேரு. 1976ல ஸ்வீடன்ல ஃபெர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும் இப்படி கல்லெடுத்ததை எழுதினாங்க. பெரியவங்களுக்குப் போடுற துளை 10 மி.மீ. வரைக்கும் இருக்கும், குழந்தையோட கிட்னிக்கு அது ரொம்பப் பெருசு. மினி பிசிஎன்எல்ல சுமார் 5 மி.மீ.தான், ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா மாதிரி. விட்டம் பாதியானா பரப்பு கால்வாசி ஆயிடுது, அதனால ரத்தப்போக்கு குறையுது.

இதுல முக்கியமே ஊசி போற வழிதான். கிட்னிக்குள்ள சிறுநீர் வந்து விழுற குட்டிக் குட்டிக் கிண்ணங்க இருக்கு, அந்தக் கிண்ணத்தோட நுனி வழியா நுழைஞ்சா பெரிய ரத்தக்குழாய்ல படாம போகலாம், பக்கவாட்டுல குத்தினா ஆபத்து. அல்ட்ராசவுண்டுலயோ எக்ஸ்ரேலயோ பாத்துக்கிட்டே குத்தி, ஊசி வழியா மெல்லிசா ஒரு கம்பிய விட்டு, அது மேலயே துளைய கொஞ்சம் கொஞ்சமா அகலமாக்கி, குழாயை சொருகிடுவாங்க. அப்புறம் கேமராவும் லேசரும் உள்ள போகும்.

எனக்கு ரொம்பப் புடிச்சது அடுத்து நடக்கிறதுதான். லேசர்ல கல்லு பொடியானதும் ஒண்ணொண்ணா கவ்வி எடுக்கவேண்டியதில்ல, உள்ள ஓடுற சலைன் அந்த ஒடுக்கமான குழாய்ல சுழல, கேமராவை மெல்ல பின்னுக்கு இழுத்தா துண்டுங்க சுழல்ல மாட்டி பின்னாடியே வெளிய வந்துடுது! சலைனை வெதுவெதுப்பாத்தான் விடணும், பிள்ளைங்க உடம்பு சீக்கிரம் சில்லிட்டுப்போயிடும்.

கல்லை டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லி கட்டாயம் கேளுங்க. சின்ன வயசுல கல்லு வந்தா சிறுநீர்ல கால்சியம் அதிகமா, கல்லு சேராம தடுக்கிற சிட்ரேட் கம்மியா, பரம்பரையா சிஸ்டின்ங்கிற அமினோ அமிலம் சிறுநீர்ல அதிகமா போற பிரச்சனையான்னு பாக்கணும், இல்லன்னா திரும்ப வரும்.

ஆபரேஷன் முடிஞ்சு பையனுக்கு கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போற வழியில டிஜே ஸ்டென்ட்ங்கிற மெல்லிசான தற்காலிகக் குழாயை வெச்சு அனுப்பினாங்க, வலி போனதும் நிறைய பேர் அதை மறந்தே போயிடுறாங்க, மாசக்கணக்குல கிடந்தா அது மேலயே கல்லு படியும். அதை எடுக்கவேண்டிய தேதிய அக்கா காலண்டர்ல சிவப்பு பேனால வட்டம் போட்டு வெச்சிருக்கா.