குசினி சிங்க்கில் ஊற்றிய எண்ணெய் எங்கே போகும்?

நுவரெலியா மாவட்டத்தில் சின்ன நகரம் ஒன்றின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். காலையில் போனதும் முதல் வேலை, காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லீட்டர் தண்ணீரைக் கண்ணாடிச் சாடியில் அள்ளி வைத்துவிட்டு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பது. எல்லாம் சரியாக இருந்தால் சொக்லட் நிறச் சேறு மெல்ல அடியில் இறங்கி மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும், மோந்து பார்த்தால் மண் வாசம் வரும். அந்தச் சேறு முழுக்க உயிருள்ள பக்டீரியா. ஊர்க் கழிவைத் தின்று தீர்ப்பது அவைதான், நாங்கள் அவற்றுக்குக் காற்று கொடுத்துக் காவல் இருக்கிறோம்.

ஒரு ஏப்ரல் சீசனில் சாடி தெளியவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்தும் சாம்பல் கலங்கல், தொட்டி மேல் வெள்ளை நுரை, குளோரின் மணம் மூக்கில் ஏறுகிறது. யாரோ இரவில் மான்ஹோல் மூடியைத் திறந்து கழுவுகிற மருந்தைக் கலன் கணக்கில் கொட்டியிருக்கிறார்கள். செத்துப்போன பக்டீரியா திரும்பப் பெருகி வர 3 கிழமை எடுத்தது, நம் ஊர்க் குளிரில் அவை மெதுவாகத்தான் வளரும். அதுவரை வருகிற கழிவை நிறுத்திவைக்கவும் வழியில்லை, பாதி சுத்தமான தண்ணீர்தான் ஓயாவுக்குப் போனது. கீழே லயத்துப் பிள்ளைகள் குளிக்கிற இடம் இருக்கிறது. அங்கே போய், கொஞ்ச நாளைக்குப் பீலித் தண்ணீரிலேயே குளிக்கச் சொல்லுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை.

வீட்டுக் கழிவுநீரைச் சிதைக்க லீட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஒட்சிசன் தேவைப்படும். இதைத்தான் பீ.ஓ.டி. என்கிறோம். ஆற்றில் விடும்போது அது 30ஐத் தாண்டக்கூடாது, 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வந்த விதி அது. குளிர்ந்த ஓயாத் தண்ணீரில்கூட 8, 9 மில்லிகிராம் ஒட்சிசன்தான் கரைந்திருக்கும். கழிவு அப்படியே விழுந்தால் மீன் எதைச் சுவாசிக்கும், சொல்லுங்கள்.

அப்புறம் எண்ணெய். நம் பக்கம் தேங்காய் எண்ணெய் போத்தலிலேயே உறைவது எல்லாருக்கும் தெரியும்தானே, வடை பொரித்த எண்ணெயைச் சுடச்சுட சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள்ளும் அதேதான் நடக்கிறது. வெட்டி எடுத்தால் சவர்க்காரக் கட்டி மாதிரி வெள்ளையாக இருக்கும், அதோடு பேம்பர்ஸும் துணிக்கந்தையும் சேர்ந்து முறுகிக்கொண்டு பம்பை நிறுத்திவிடும். அதைக் கையால் பிடுங்குவது எங்கள் ஆட்கள். ஆறிய எண்ணெயைப் பழைய போத்தலில் ஊற்றி மூடி குப்பையோடு போடுங்கள், பேம்பர்ஸை டொய்லட்டில் போடவே வேண்டாம்.

கூரைத் தண்ணீரையும் கழிவுக் குழாயில் இணைத்துவிடுகிறார்கள். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் அந்த வெள்ளம் தொட்டிக்குள் பாய்ந்து, நாங்கள் மாதக்கணக்கில் வளர்த்த பக்டீரியாவை அப்படியே அடித்துக்கொண்டு போய்விடும். மழைத்தண்ணீர் கானுக்குப் போகட்டும்.

நம் தண்ணீர் போய்ச் சேருகிற நானுஓயா கொத்மலை ஓயாவில் சேர்ந்து, தலவாக்கலையிலும் கொத்மலையிலும் அணைகளில் தேங்கி, பிறகு மகாவலியாகிக் கண்டிப் பக்கம் போகிறது. அங்கே அதைத்தான் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். 335 கிலோமீட்டர் ஓடுகிற மகாவலி கடலில் சேருவது திருகோணமலையில், கொட்டியாரக் குடாவில். நாம் எல்லாருக்கும் மேலே, ஆறு தொடங்குகிற இடத்தில் இருக்கிறோம்.

இரவில் பவுசரோ லொறியோ நின்று மான்ஹோல் மூடியைத் திறப்பதைப் பார்த்தால் வண்டி இலக்கத்தைக் குறித்து உடனே நகரசபைக்கோ பொது சுகாதாரப் பரிசோதகருக்கோ சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்தால் அந்தத் தண்ணீரைப் பக்கத்துத் தொட்டிக்குத் திருப்பிவிட எங்களால் முடியும். விடிந்த பிறகு சாடியைப் பார்த்துத்தான் தெரியவேண்டும் என்றால் அதற்குள் எல்லாம் போய்விடும்.