ஹெட்லைட்டில் ஒரு குவளைத் தண்ணீர்

மங்கிப்போன ஹெட்லைட்டின் மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மஞ்சள் அப்படியே இருக்கும், ஆனால் மங்கல் காணாமல் போய் உள்ளே பல்பு தெரியும். காய்ந்ததும் பழைய கதைதான்.

ஹெட்லைட் மூடி இப்போது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் பட்டால் எளிதில் உடையாது. வெயில்தான் அதற்கு ஆகாது. அதனால் கம்பெனியிலேயே மேலே மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து அனுப்புவார்கள். சில வருட வெயிலில் அது தேய்ந்ததும், புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மூலக்கூறு பிணைப்புகளை உடைக்கத் தொடங்கும். அதில் பிறக்கும் சேர்மங்கள்தான் மஞ்சள். மேற்பரப்பு பொடிப்பொடியாக வெடித்துக் குழிகுழியாவது மங்கல்.

ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, பாலிகார்பனேட்டுக்குச் சுமார் 1.58. இந்த இடைவெளியால் குழிகளில் ஒளி கண்டபடி சிதறுகிறது. தண்ணீருக்கு 1.33, அது குழிகளை நிரப்பினால் சிதறல் குறைந்துவிடும். ஆக, தண்ணீரில் தெளிந்தால் கோளாறு மேல்தோலில் மட்டும்தான். தண்ணீர் ஊற்றியும் தெளியவில்லையா? அழுக்கோ ஈரமோ உள்ளே இருக்கலாம், வெளியே தேய்த்துப் பயனில்லை.

சரி, தேய்ப்போம். சுற்றிலும் பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, வாட்டர் பேப்பரை, அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை, தண்ணீரில் நனைத்து 800, அப்புறம் 1500, அப்புறம் 3000 என்று போக வேண்டும் (எண் கூடக் கூடத் தாள் மென்மை). முதல் தாளுக்கே விளக்கு மோர் ஊற்றிய மாதிரி வெளுக்கும். வழியும் தண்ணீரில் மஞ்சள் கரைசல் இறங்கும். கெடுத்துவிட்டோமோ என்று பயந்து நிறுத்துபவர்கள் இங்கேதான் நிறுத்துகிறார்கள். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை அழித்துவிட்டு, அதைவிடச் சின்னக் கீறலை விட்டுப் போகிறது, அவ்வளவுதான். கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசை. கீறல்கள் ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது அரை மைக்ரானைவிடச் சிறுத்துவிட்டால், ஒளிக்கு அவை கண்ணிலேயே படாது.

டூத்பேஸ்ட் வைத்தியமும் இதே தேய்ப்புதான், ரொம்ப மென்மையாக. லேசான மங்கலுக்குச் சரி. உடம்பில் பூசும் கொசு விரட்டி திரவத்தைத் தடவும் வித்தை மட்டும் வேண்டாம். அதில் டீட் (DEET) என்ற ரசாயனம் இருந்தால், அது பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். இரண்டு நாள் பளபளப்பு, அப்புறம் பிசுபிசுப்பு.

பளபளவென்று வந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். மிச்சமிருந்த பூச்சையும் நாமே சுரண்டி எடுத்துவிட்டோமே! புற ஊதாவைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்காவிட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சள். நன்றாகத் துடைத்து, காயவைத்து, தூசி பறக்காத நிழலில் அடியுங்கள்.