புயல் ஓய்ந்த ஏரிக்கரையில் குப்பையையும் படம் எடுங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் கடலைப் போல ஓதம் கிடையாது. நிலவின் இழுப்பால் நீர் உயர்வது 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதன் கரையில் நெடுந்தூரம் நடந்து படம் எடுக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கடற்கரையில் ஒதுங்கியதை அடுத்த ஓதமே கலைத்துவிடும். இங்கே ஒரு புயல் கரையோரம் கோடாக ஒதுக்கிய பொருள்களின் வரி, அதைவிடப் பெரிய அலை வரும்வரை அப்படியே கிடக்கிறது. தண்ணீரை ஒட்டி இருப்பது நேற்றைய காற்று போட்டது. மேலே மணற்குன்றின் அடியில் சருகோடு கிடப்பது நவம்பர் புயல் போட்டதாக இருக்கலாம்.

நிலக்காட்சிப் படங்கள்தான் என் தொழில். நாட்காட்டிக்குப் படம் கேட்பவர்கள் அலையையும் மேகத்தையும்தான் கேட்பார்கள். அதனால் எங்களிடையே ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது: குப்பையைக் காலால் ஒதுக்குவது, ஃப்ரேமுக்கு வெளியே தள்ளுவது, மிச்சத்தைக் கணினியில் அழிப்பது. இதை விட்டுவிடுங்கள் என்று சக கலைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கரை சுத்தமாகத்தான் இருக்கிறது என்று ஊரை நம்ப வைப்பதில் நம் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளிலும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 10,000 டன் பிளாஸ்டிக் சேர்கிறது என்று ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2016-இல் கணித்தார்கள். அதில் பாதி மிச்சிகன் ஏரிக்கு வருகிறது. சிகாகோ, மில்வாக்கி ஆகிய பெருநகரங்கள் அதன் கரையில்தானே இருக்கின்றன! பேரேரிகளைப் பாதுகாக்கும் அலையன்ஸ் ஃபார் தி கிரேட் லேக்ஸ் அமைப்பின் தன்னார்வலர்கள் 20 ஆண்டுகளாகக் கரைகளில் பொறுக்கி எண்ணியவற்றில் 86 சதவீதம் பிளாஸ்டிக். சிகரெட் துண்டு, பாட்டில் மூடி, உடைந்த நுரைத் துணுக்கு ஆகியவை எங்கும் உண்டு. மேற்குக் காற்று வீசினால், எதிர்க்கரையில் பறக்கவிட்ட பலூன்கள் ஏரியைத் தாண்டி வந்து மிச்சிகன் மாநிலக் கரையில் விழுகின்றன. பலூன் கிழிந்து போனாலும் அதன் ரிப்பன் போவதில்லை. பறவைகளின் காலில் சுற்றுவது அதுதான்.

அப்புறம் பிளாஸ்டிக் குருணை. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியபோது கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கியதே, அதே வகைதான். நின்று பார்த்தால் மணல் போலத் தோன்றும். மண்டியிட்டுக் கேமராவைத் தரையோடு வைத்து, சூரியன் எதிரே தாழ்ந்திருக்கும்போது பாருங்கள். ஒவ்வொரு குருணையும் தனித்து ஒளிரும். இதற்கு போலரைசர் வடிகட்டி வேண்டாம், நமக்கு வேண்டிய பளபளப்பையே அது குறைத்துவிடும். ஒரே வரியை மூன்று விதமாக எடுங்கள்: ஏரியும் வானமும் தெரியும் அகலப் படம், வரியின் நீளத்தைக் காட்டும் படம், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து நெருக்கப் படம். எதையும் நகர்த்தி அழகாக அடுக்க வேண்டாம். தேதி, இடம், முந்தைய நாள் காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இவை இல்லாத படம் யாருக்கும் சான்றாக உதவாது.

புயலின்போதே போய் நிற்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். உயரமான, உறுதியான இடத்தில் தொலைவிலிருந்து எடுக்கலாம். கலங்கரை விளக்குகளுக்குப் போகும் அலைத்தடுப்புச் சுவர்மேல் மட்டும் ஏறவே கூடாது. இங்கே அலைகள் கடலலையைவிட நெருக்கமாக வரும். ஒன்றில் விழுந்தவர் எழுவதற்குள் அடுத்தது அடித்துவிடும். காற்று அடங்கியதும் பயம் விட்டது என்றும் எண்ணாதீர்கள். 1954 ஜூன் 26 அன்று ஒரு சூறைக்காற்று ஏரியைக் கடந்து போனது. அது தள்ளிய நீர் எதிர்க்கரையில் மோதித் திரும்பி, காற்று போன பிறகு சிகாகோ கரையில் சுமார் 3 மீட்டர் அலையாக எழுந்தது. மீன் பிடித்துக்கொண்டிருந்த 8 பேர் மாண்டார்கள்.

நீர்மட்டமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 2013-இல் வரலாறு காணாத அளவுக்கு இறங்கிய ஏரி, 2020-க்குள் கிட்டத்தட்ட 2 மீட்டர் ஏறியது. அகலமாக மணல் கிடந்த இடங்களில் குன்றின் சுவரும் தண்ணீரும் முட்டிக்கொண்டன, படிக்கட்டுகள் ஆணியோடு பெயர்ந்து வந்தன. அதனால் பழைய வரைபடத்தை நம்பி நடக்காதீர்கள். திரும்பும் வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள். குளிர்காலத்தில் கரையை ஒட்டி உறையும் பனித்தட்டு நிலம் போலவே தெரியும், அடியில் நீரும் வெற்றிடமும்தான். அதன்மேல் கால் வைக்காதீர்கள்.

சரி, படம் எடுத்தாயிற்று. இனி கையுறை போட்டுக்கொண்டு பொறுக்கலாம். ஊசிகளைத் தொடாமல் பூங்கா ஊழியர்களிடம் சொல்லுங்கள். மரக்கட்டையையும் நீர்ப்பாசியையும் விட்டுவிடுங்கள், பறவைகளுக்கு இரை அங்கேதான். மிச்சிகன் மாநிலக் கரையிலுள்ள ஸ்லீப்பிங் பேர் மணற்குன்றுப் பக்கம் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கூழாங்கற்களுக்கு நடுவே பைப்பிங் ப்ளோவர் எனும் உப்புக்கொத்திகள் கூடு வைத்துக் குஞ்சு வளர்க்கும். பேரேரிகளில் அவற்றில் சில டஜன் இணைகளே இருக்கின்றன. கூடுகளைச் சுற்றிக் கயிறு கட்டிய பகுதிக்குள் குப்பை கிடந்தாலும் நுழையாதீர்கள், வெளியிலிருந்து நீள லென்ஸில் எடுத்துக்கொண்டு அதைக் கண்காணிப்பவர்களிடம் காட்டுங்கள்.