கணக்குக் கேட்காத ஒரு மணி நேரம்

என் அறைக்கு வரும் குழந்தைகளிடம் முதல் நாள் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, "உனக்கு என்ன பிடிக்குமோ அதை வரை" என்பேன். கும்பகோணத்தில் உளவியல் ஆலோசகராகப் பதினாலு வருடமாக இதைச் செய்கிறேன். பெரும்பாலான குழந்தைகள் வரைவது ஒரே படம். இரண்டு முக்கோண மலைகள், நடுவில் பாதிச் சூரியன், வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை, வானத்தில் நாலு பறவைகள். எங்கள் ஊரிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் வயல்தான் வரும். பக்கத்திலிருக்கும் சுவாமிமலைகூடக் கட்டுமலைதான். மலையைப் பார்த்தே இராத பிள்ளைகள் எல்லோரும் ஏன் மலையை வரைகிறார்கள் என்று நான் யோசிக்க ஆரம்பித்தது, மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணைப் பார்த்த பிறகு. அவளுடைய அடையாளங்களையும் கீழே வரும் மற்றவர்களுடைய அடையாளங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

தினமும் காலையில் ஸ்கூல் வேன் வரும் நேரத்துக்கு வயிற்றுவலி என்று அவளைக் கூட்டி வந்திருந்தார்கள். ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது, உடம்பில் ஒன்றுமில்லை. தாளைக் கொடுத்ததும் அதே மலை, அதே ஆறு. சூரியன் வட்டமாக வரவில்லை என்று அழித்தாள். மறுபடி வரைந்தாள், மறுபடி அழித்தாள். நாலாவது தடவை அந்த இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. கிழிசலை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "சரியா இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டாள். அதற்கு முன்னாலும் ஒவ்வொரு கோட்டுக்கும் நிமிர்ந்து அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேச்சை மாற்ற, "உங்க தெருவுல என்னல்லாம் இருக்கும்?" என்றேன். அவ்வளவுதான், பத்து நிமிஷம் மூச்சு விடாமல் சொன்னாள். எதிர்வீட்டு ஸ்கூட்டர் சீட்டில் ஏறி நிற்கும் ஆடு. அந்த ஆட்டை மனுஷரைத் திட்டுவதுபோலத் திட்டும் பூக்காரப் பாட்டி. குழாயடியில் வரிசையில் நிற்கும் குடங்களில் எது யாருடையது என்ற முழு விவரம். "அதையே வரையேன்" என்றேன். ஒரு மாதிரி என்னைப் பார்த்தாள். "அதெல்லாம் டிராயிங்ல வராது ஆன்ட்டி."

எட்டு வயதில் அவளுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. கண்ணால் பார்ப்பது வேறு, டிராயிங் வேறு. மலையும் சூரியனும் வரைந்தால் டிக் விழும். நான் டீச்சர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குழந்தையின் நாளில் யாரும் திருத்தாத, மார்க் போடாத ஒரு அரை மணி நேரம்கூட இல்லை. நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். பள்ளி விட்டதும் டியூஷன், அப்புறம் இந்தி, சனிக்கிழமை அபாகஸ், ஞாயிற்றுக்கிழமை டிராயிங் கிளாஸ்.

எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பரிசோதனை உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்திலிருக்கும் நர்சரி பள்ளியில் மார்க் லெப்பரும் இரண்டு சக ஆய்வாளர்களும் நடத்தி 1973-இல் வெளியிட்டது. படம் வரைவதில் தானாகவே ஆசையுள்ள குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், "வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த பரிசுச் சான்றிதழ் தருவோம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இன்னொரு குழுவுக்கு, சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழ். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் வகுப்பில் ஸ்கெட்ச் பேனாவையும் தாளையும் வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழப் பாதிதான் அதில் செலவிட்டார்கள். பரிசுக்காக வரைந்த படங்களின் தரமும் குறைவாகவே இருந்தது. எதிர்பாராமல் பரிசு கிடைத்த பிள்ளைகளுக்கு இந்தப் பாதிப்பு இல்லை. ஆகவே பாராட்டவே கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வரைவதற்கு முன்னாலேயே விலை பேசாதீர்கள் என்றுதான் பெற்றோரிடம் சொல்கிறேன்.

இங்கே வரும் பெற்றோர் பலர் ராமானுஜன் பெயரைச் சொல்லாமல் போக மாட்டார்கள். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீடு இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுகிறார்கள். அந்த வாழ்க்கையில் என்னை அதிகம் பாதித்தது வேறு ஒரு இடம். காலேஜில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தோற்று, ஸ்காலர்ஷிப்பும் போய், கையில் நோட்டுப் புத்தகத்தோடு அலைந்த நாட்களில், நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவை அவர் போய்ப் பார்க்கிறார். என்னதான் வேண்டும் என்று அவர் கேட்டதற்கு ராமானுஜன் கேட்டது அவகாசம். சோற்றுக் கவலை இல்லாமல் கணக்கிலேயே இருக்க விட்டால் போதும். ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர், சாயங்காலங்களில் இவரோடு உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டவர். 1913 ஜனவரியில் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போனது அந்த மேஜையிலிருந்துதான். ராவும் நாராயண ஐயரும் அவரிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்று சொல்வதாக நினைத்துவிடக் கூடாது. சுவாமிமலை ஸ்தபதிகள் ஓலையை மடித்து, தாளம் என்னும் சிற்ப அளவு முறைப்படி அளவு எடுத்துக்கொண்ட பிறகே மெழுகில் உருவத்தைப் பிடிக்கிறார்கள். அளவு மாறாது, ஆனாலும் ஒருவர் பிடித்த முகம் இன்னொருவர் பிடித்ததுபோல இருக்காது. கிளாஸுக்கு அனுப்புங்கள், தாராளமாக. கிளாஸ் போகாத ஒரு மணி நேரத்தையும் விட்டுவையுங்கள்.

பெரியவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். தூக்கம் வரவில்லை என்று ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார். மகளுக்குக் கல்யாணம் ஆகி, சொந்த வீட்டை விற்றுவிட்டு மகனோடு ஃப்ளாட்டுக்கு மாறியிருந்தார். உங்களுக்குப் பிடித்தது என்ன என்று கேட்டால், "எனக்கு ஒண்ணும் வராது மேடம், வீட்டு வேலைதான்" என்றார். மூன்றாவது தடவை வந்தபோது, பழைய வீட்டு வாசல் போனது பற்றிப் பேச்சு வந்து, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பக்கம் பக்கமாகச் சிக்குக் கோலம். பழைய வாசலில் இடுக்குப் புள்ளி 15, நிறுத்தம் 8 என்று போட்டுக்கொண்டிருந்தவருக்கு, ஃப்ளாட் கதவுக்கு முன்னால் கிடைத்த இடம் மிதியடி அளவு. அதே கோலத்தை 7-4க்குள் கொண்டுவர முயன்றால் கம்பி இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரே கம்பியாக ஓடி, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பதினோரு பக்கம் தவறாகப் போட்டு, பன்னிரண்டாவது பக்கத்தில் ஒரு வளைவைத் திருப்பிவிட்டதில் கூடி வந்திருக்கிறது. ஆள்காட்டி விரலால் அந்தக் கம்பியை முழுதாக ஓட்டிக் காட்டினார். விரல் தொடங்கிய புள்ளிக்கே வந்து நின்றது. "இது என்ன மேடம், கோலம்தானே" என்றார்.

படைப்பாற்றலுக்கு எங்கள் துறையில் சொல்லும் எளிய இலக்கணம், செய்தது புதிதாகவும் இருக்க வேண்டும், பொருந்தவும் வேண்டும் என்பது. அந்தப் பன்னிரண்டாவது பக்கம் இரண்டுக்கும் நிற்கும். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றியவர்களும் 1970-களில் கோலங்களை ஆராய்ந்து, கணினி அறிவியலுக்கான வடிவ இலக்கணங்களை அவற்றிலிருந்து எழுதினார்கள் என்று அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. மகனைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

அங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. மகன் ஆசையாக அம்மாவின் கோலங்களை யூடியூபில் போட ஆரம்பித்தார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று இவர் காலையில் எழுந்ததும் எண்ணத் தொடங்கினார். ஒரு மாதத்தில் கோலம் நின்றுவிட்டது, தூக்கமும் மறுபடி போய்விட்டது. நர்சரி குழந்தைகளுக்கு நடந்ததேதான். வாரத்தில் ஒரு கோலம் போனுக்கு, மற்றது எல்லாம் நோட்டுக்கு என்று அவரே ஒரு ஏற்பாடு செய்துகொண்ட பிறகுதான் கை திரும்பியது.

வேலையை விட்டுவிட்டு முழு நேரம் எழுதட்டுமா, வரையட்டுமா என்று கேட்டு வருகிற இளைஞர்களுக்கு நான் உடனே சரி சொல்வதில்லை. வீட்டு வாடகைக்குப் பயந்துகொண்டு உட்கார்ந்தால் ஒரு வரி நகராது. சி.வி.ராமன் 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குப் போனார். 1917 வரை அந்த வேலைதான், இடையில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் வேறு. கல்கத்தாவில் இருந்த காலமெல்லாம் ஆபீசுக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவிலிருந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தார். தினமும் ஒரே நேரம், ஒரே இடம் என்று வைத்துக்கொண்டால் மனசும் அந்த நேரத்துக்குத் தானாக வந்துவிடுகிறது. ஒன்றும் ஓடவில்லையென்றால் எழுந்து நடங்கள். நடக்கும்போது புது யோசனைகள் கூடுகின்றன என்று 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் அப்படித்தான். மகாமகக் குளத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து எழுதுகிறவர்கள் என்னிடம் இருக்கிறார்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கலைஞன் என்றால் கொஞ்சம் பைத்தியமாகத்தான் இருக்க வேண்டும் என்ற நினைப்பு நம்மிடையே ஆழமாக இருக்கிறது. அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் இருந்த ஓர் இளைஞர், மாத்திரை போட்டால் பாட்டு வராது என்று தானாகவே நிறுத்திவிட்டார். மூன்று ராத்திரி தூங்காமல் இரண்டு நோட்டு நிரப்பினார். அப்புறம் ஆஸ்பத்திரி. குணமான பிறகு அந்த நோட்டுகளைப் புரட்டிவிட்டு, "இதுல நாலு பக்கம்தான் தேறும் மேடம்" என்றார். டென்மார்க்கைச் சேர்ந்த மனநல மருத்துவர் மோகன்ஸ் ஷோ, இந்த நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மருந்தை எடுத்துக்கொண்ட 24 கலைஞர்களிடம் இதையே கேட்டு 1979-இல் வெளியிட்டார். 12 பேருக்கு வேலை கூடியிருந்தது, 6 பேருக்கு மாற்றமில்லை, 6 பேருக்குக் குறைந்திருந்தது. குறைந்த அந்த ஆறு பேரின் வருத்தம் உண்மை. அப்படித் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றிப் பார்க்க வழி இருக்கிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள். ராத்திரியில் பேச யாருமில்லை என்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸ் 14416 எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.

அந்த மூன்றாம் வகுப்புப் பெண்ணின் வயிற்றுவலிக்குக் காரணம் வகுப்பில் நடந்த வேறொன்று. அதைப் பள்ளியோடு பேசித்தான் தீர்த்தோம், படம் வரைந்து தீரவில்லை. ஆனால் அவள் அம்மா ஞாயிற்றுக்கிழமை கிளாஸை நிறுத்திவிட்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒரு கட்டாகக் கட்டி அவள் கையில் கொடுத்திருந்தார், பின்பக்கத்தில் வரைய. ரப்பர் கொடுக்கவில்லை. கடைசியாக வந்த அன்று ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்தாள். வீட்டைவிடப் பெரிய ஆடு, நீல நிறத்தில், ஸ்கூட்டர் மேல். பக்கத்தில் வாயை அகலத் திறந்தபடி பூக்காரப் பாட்டி. ஆடு நீலமாக இருக்குமா என்று கேட்க அந்த அம்மாவுக்கு வாய் வந்துவிட்டது, எனக்கே தெரிந்தது. விழுங்கிக்கொண்டு, "பாட்டி என்ன சொல்லித் திட்டுறாங்க?" என்றார். அடுத்தவர் கதவைத் தட்டும் வரை அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.