பிணையுத்திரம்: ‘சப்ஃப்ரேம் கனெக்டர்’ என்னும் சொல்லும் அதன் வேலையும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சீரமைப்போரிடையே அடிக்கடி புழங்கும் சொற்களுள் ஒன்று ‘சப்ஃப்ரேம் கனெக்டர்’. முன்சக்கரங்களைத் தாங்கும் கட்டமைப்பின் பின்முனைக்கும், பின்சக்கரங்களைத் தாங்கும் கட்டமைப்பின் முன்முனைக்கும் இடையே, காரின் அடியில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக நீளவாக்கில் பொருத்தப்படும் எஃகுக் குழாயையே இச்சொல் குறிக்கிறது. வண்டியின் உடல் வளைவதையும் முறுகுவதையும் குறைப்பது அதன் வேலை. ஆயினும் பெயரிலுள்ள இரண்டு சொற்களுமே இப்பொருளைச் சரியாகச் சொல்லவில்லை என்பதும், வாங்குவோரும் பொருத்துவோரும் செய்யும் பிழைகள் சில இந்தப் பெயரிலிருந்தே தொடங்குகின்றன என்பதும் என் துணிபு. தமிழில் இதற்கு ஒரு சொல் ஆக்க வேண்டுமென்றால், ஆங்கிலப் பெயரை எழுத்தெண்ணிப் பெயர்க்காமல், அந்த எஃகுக் குழாய் செய்யும் வேலையைப் பார்த்தே ஆக்க வேண்டும்.

முதலில் ‘ஃப்ரேம்’. பழைய ஆங்கிலத்தில் பயன்படுதல், முன்னேறுதல் என்னும் பொருளில் வழங்கிய ‘ஃப்ராமியன்’ என்ற வினைச்சொல்லே இதன் வேர். கட்டடத்துக்கு மரம் அறுத்துச் செப்பனிடுவதைக் குறிக்கும் சொல்லாக அது மாறி, பின்னர் அவ்வாறு செப்பனிட்ட மரங்களைப் பூட்டி எழுப்பிய கூட்டுக்கே பெயராயிற்று. இதனோடு சேர்த்து எண்ண வேண்டிய ‘சேசிஸ்’ பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. பெட்டி எனப் பொருள்படும் ‘கப்ஸா’ என்னும் இலத்தீன் சொல்லே அதன் மூலம். பிரெஞ்சில் அது சாளரச் சட்டத்தைக் குறித்தது. மேலும் கீழும் நகரும் சாளரக் கதவை ஆங்கிலத்தில் ‘சாஷ்’ என்பதும் அதே சொல்லின் திரிபே. பீரங்கி நகரும் அடிச்சட்டத்துக்கும் அப்பெயர் ஆகி, பிறகே மோட்டார் வண்டிக்கு வந்து சேர்ந்தது.

தமிழில் இவ்விடத்துக்குச் ‘சட்டம்’, ‘சட்டகம்’ என இரு சொற்கள் உள்ளன. கதவுச் சட்டம், படச்சட்டம் என்னும் வழக்குகள் பழகியவையே என்றாலும், ‘துணைச்சட்டம்’ என்று எழுதிவிட்டால் படிப்பவர் மனம் முதலில் சட்டமன்றத்தின் பக்கம்தான் போகும். எனவே முழுக் கூட்டமைப்பைச் ‘சட்டகம்’ என்றும், அதன் உறுப்பாகிய நீண்ட தனி உலோகத் துண்டைச் ‘சட்டம்’ என்றும் பிரித்து வழங்குவது நல்லது. அகராதிகள் சட்டகத்துக்கு வடிவு, உடல் என்ற பொருள்களையும் தருகின்றன. உடலே சட்டகமாக அமைந்த வண்டிகளைப் பற்றிப் பேசும்போது இந்தப் பழம்பொருள் நமக்குப் பெரிதும் கைகொடுக்கிறது.

ஏனெனில், இக்கட்டுரைக்குரிய கார்களில் தனி அடிச்சட்டகம் என்று ஒன்று கிடையாது. லாரிக்கும் பேருந்துக்கும் முதலில் சேசிஸ், அதன்மேல் ‘பாடி கட்டுதல்’ என்பது முறை; எடையைத் தாங்குவது சேசிஸ், மூடுவது பாடி. கார்களில் இந்தப் பிரிவு 1922-இல் வெளிவந்த லான்சியா லாம்ப்டா, 1934-இல் வெளிவந்த சிட்ரோயன் டிராக்‌ஷன் அவான் போன்ற வண்டிகளில் கைவிடப்பட்டது. தரைத்தகடு, கதவடிப் படிகள், தூண்கள், கூரை ஆகியவை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, உடலே எடையைத் தாங்கும் அமைப்பு பிறந்தது. ஆங்கிலத்தில் ‘யூனிபாடி’ எனப்படும் இதனை ‘ஓருடல் அமைப்பு’ எனலாம். ‘ஈருடல் ஓருயிர்’ என்று சொல்லிப் பழகிய காதுக்கு ‘ஓருடல்’ புதுச்சொல்லாக ஒலிக்காது.

இனி ‘சப்’. இலத்தீனில் இதற்குக் ‘கீழே’ என்பது பொருள். ஆங்கிலத்தில் ‘கீழ்ப்பட்ட’, ‘துணையான’ என்ற பொருள்களும் உண்டு. ‘சப்ஃப்ரேம்’ என்பதில் உள்ளது இரண்டாவது பொருள்தான். எஞ்சினையோ சக்கரத் தொங்கலமைப்பையோ (சஸ்பென்ஷன்) சுமந்துகொண்டு, பெரிய உடலோடு பூட்டப்படும் சிறிய கூடு அது. துணை மின்நிலையம் என்பதில் உள்ள ‘துணை’ இங்கும் பொருந்துவதால், ‘கீழ்ச்சட்டகம்’ என்பதைவிடத் ‘துணைச்சட்டகம்’ என்பதே சரி. 1959-இல் வந்த மினி காரில் முன்னும் பின்னும் உண்மையான துணைச்சட்டகங்கள் இருந்தன. 1967-ஆம் ஆண்டு மாடலாக வெளிவந்த முதல் தலைமுறை செவ்ரோலே கமாரோவில் முன்புறம் மட்டும் ஒரு துணைச்சட்டகம் ரப்பர் தாங்கிகளின் வழியாக மரையாணிகளால் உடலோடு பூட்டப்பட்டிருந்தது. பின்புறத்தில் இருந்தவை உடலோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்ட நீள்சட்டங்கள்.

1964 ஏப்ரலில் அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங்கைப் பார்த்தால் பெயரின் குறை வெளிப்படையாகத் தெரியும். அதில் கழற்றக்கூடிய துணைச்சட்டகம் எதுவும் இல்லை. முன் நீள்சட்டங்கள் எஞ்சின் அறையிலிருந்து பின்னோக்கி வந்து முன் இருக்கைகளின் அடியிலேயே முடிந்துவிடுகின்றன. பின் நீள்சட்டங்கள் பின் இருக்கைக்கு முன்னால்தான் தொடங்குகின்றன. இடைப்பட்ட பகுதியில் எடையைக் கடத்துபவை மெல்லிய தரைத்தகடும், கதவடிப் படிகளும், நடுவே ஓடும் கியர்பெட்டிக் குகையும், கூரையுமே. 1979 முதல் 1993 வரை வந்த ‘ஃபாக்ஸ்’ வகை மஸ்டாங்கிலும் இதே இடைவெளி உண்டு. ஆக, இந்தக் கார்களில் ‘சப்ஃப்ரேம் கனெக்டர்’ இணைப்பது துணைச்சட்டகங்களை அன்று, அறுந்து நிற்கும் நீள்சட்டங்களை. தன் வண்டியின் அடியில் துணைச்சட்டகத்தைத் தேடிக் காணாமல், இந்தப் பொருள் தனக்கு உரியதன்று என்று ஒருவர் முடிவு செய்தால் குற்றம் அவருடையதன்று, பெயருடையது.

‘கனெக்டர்’ என்பதற்கும் இதே கதைதான். அதன் வேர் இலத்தீன் ‘கனெக்டெரே’. ‘கன்’ என்பது ஒன்றாக என்றும், ‘நெக்டெரே’ என்பது கட்டுதல், முடிதல் என்றும் பொருள்படும். கயிற்றால் சேர்த்துக் கட்டுவது என்ற வலுவான பொருள் வேரில் இருக்க, இன்றைய வழக்கில் அச்சொல் மின்கம்பி முனைகளைச் செருகும் சிறு பொருள்களுக்கே பெரிதும் ஆகிவிட்டது. தமிழில் ‘இணைப்பி’ என்று பெயர்த்தாலும் மின்துறைச் சொல்லாகவே அது ஒலிக்கிறது. இரண்டு முனைகளைத் தொடச்செய்தால் போதும் என்ற எண்ணத்தை அது தருகிறது. உண்மையில் இந்தக் குழாய் ஒரு சுமைதாங்கி; தன் நீளம் முழுவதிலும் வளைவை எதிர்த்து நிற்க வேண்டிய உத்திரம்.

இவ்விடத்தில் சற்று நின்று, அந்தச் சுமை எத்தகையது என்பதைப் பார்ப்பது நல்லது. வண்டியின் உடல் இருவகையாக உருக்குலைகிறது. ஒன்று, முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவே தொய்யும் வளைவு. மற்றொன்று, ஒரு முன்சக்கரம் மேட்டில் ஏற, மற்ற மூன்றும் தரையில் நிற்க, ஈரத்துணியைப் பிழிவதுபோல் உடல் திருகிக்கொள்ளும் முறுக்கம். நல்ல ஸ்பிரிங்குகளும் அவற்றின் ஆட்டத்தை அடக்கும் டாம்பர்களும் பூட்டியிருந்தாலும், அவற்றைத் தாங்கும் உடலே வளைந்தால், உடல் என்பது டாம்பர் இல்லாத இன்னொரு ஸ்பிரிங்காகி அவற்றின் வேலையைக் கெடுக்கிறது. ஜாக்கியில் தூக்கியதும் கதவு சரியாக மூட மறுப்பதும், கூரையும் பின்பக்கத் தகடும் சேரும் மூலையில் பெயிண்ட் வெடிப்பதும், வளைவில் திரும்பும்போது உள்ளே கிறீச்சொலி எழுவதும் இதன் அறிகுறிகள். கூரை இல்லாத வகைகளில் நிலைமை இன்னும் கடினம். அதனால்தான் திறந்த கூரை மஸ்டாங்கின் அடிப்பகுதிக்கு ஃபோர்டு நிறுவனமே தொழிற்சாலையில் கூடுதல் வலுவூட்டல் செய்து விற்றது.

நீளவாக்கில் ஓடும் இரண்டு தனிக்குழாய்கள் வளைவைத் திறம்பட எதிர்க்கும். முறுக்கத்தை அந்த அளவுக்கு எதிர்க்கமாட்டா. தரைத்தகட்டோடு நெடுகப் பற்றவைத்தாலோ, இருக்கைகளின் தாங்குசட்டங்களோடும் கதவடிப் படிகளோடும் குறுக்காகக் கட்டினாலோதான் முறுக்க எதிர்ப்பு மிகும். ‘கனெக்டர்’ என்ற சொல் மறைப்பது இதைத்தான்.

எனவே தமிழ்ச்சொல்லுக்கு இரு கூறுகள் வேண்டும்: கட்டும் தன்மை ஒன்று, சுமக்கும் தன்மை ஒன்று. முதலாவதற்குப் ‘பிணை’ என்னும் வேர் மிகப் பொருத்தம். ‘நெக்டெரே’ தரும் கட்டுதல் என்ற பொருள் அதில் அப்படியே இருக்கிறது. இரண்டாவதற்கு ‘விட்டம்’ என்ற சொல்லை நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். வீட்டுக் கூரையைத் தாங்கும் விட்டம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் இந்தப் பொருளே குழாயால் ஆனது. ‘விட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர்’ என்று எழுத நேர்ந்தால் படிப்பவர் திகைப்பார். ‘பிணைச்சட்டம்’ என்றால் மீண்டும் நீதிமன்ற வாடை. ‘உத்திரம்’ என்பதில் அத்தகைய இடர் இல்லை. உத்திரம் மேலே அல்லவா இருக்கும், இதுவோ காரின் அடியில் உள்ளதே என்று ஒருவர் கேட்கலாம். நீளமாகக் கிடந்து பாரத்தால் வளையாமல் நிற்பதே உத்திரத்தின் இயல்பு என்பதால், இடம் பற்றிய அந்தத் தடை எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆகவே ‘பிணையுத்திரம்’ என்பதே என் பரிந்துரை. தெளிவு வேண்டும் இடத்தில் ‘நீள்சட்டப் பிணையுத்திரம்’ என விரித்துச் சொல்லலாம்.

பெயர் சரியாக அமைந்தால், தேர்வு செய்யும்போது கேட்க வேண்டிய கேள்விகள் தாமாகவே எழுகின்றன. உத்திரம் என்றதும் அதன் உயரம் என்ன என்று கேட்கத் தோன்றும், அதுவே முதற்கேள்வி. 50-க்கு 25 மில்லிமீட்டர் அளவும் 3 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள செவ்வகக் குழாயை நிமிர்த்தி வைத்தால், படுக்க வைத்ததைக் காட்டிலும் வளைவை எதிர்க்கும் விறைப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகும். அதே தடிப்பில் 50-க்கு 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய் இன்னும் விறைப்பானது; அதன் எடை மீட்டருக்கு ஏறத்தாழ 4.4 கிலோ. ஆனால் உயரம் கூடக்கூட வண்டியின் அடிப்பகுதி தரையை நெருங்கும், புகைபோக்கிக் குழாய்க்கு வழி குறுகும். அதனால்தான் சிலர் தரைத்தகட்டை நீளவாக்கில் அறுத்து, குழாயைப் பாதியளவு உள்ளே ஏற்றிப் பற்றவைக்கிறார்கள். உழைப்பு மிகுதி எனினும், உயரமும் தரைத்தகட்டுப் பிணைப்பும் ஒருசேரக் கிடைக்கும் முறை அதுவே. திறந்த ‘ப’ வடிவத் தகட்டால் செய்தவற்றை, அவை தரைத்தகட்டோடு சேர்ந்து மூடிய பெட்டியாக அமையும்படி பற்றவைக்கப்பட்டால் அன்றி, நான் பரிந்துரைக்க மாட்டேன். மூடிய குழாயின் முறுக்க எதிர்ப்பு திறந்த வடிவத்துக்கு இல்லை.

பிணைப்பு எவ்வகை என்பது அடுத்த கேள்வி. மரையாணியால் பூட்டுபவை எளிதில் கழற்றத்தக்கவை. ஆயினும் மெல்லிய தகட்டில் இட்ட துளைகள் நாளடைவில் அகன்று தளர்ந்துவிடும். பற்றவைப்பவை தளர்வதில்லை. கமாரோ போன்று ரப்பர் தாங்கிகள் உள்ள வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. முன் துணைச்சட்டகம் ரப்பரின்மேல் அசைய, அதே சட்டகத்தை உத்திரம் அசையவிடாமல் பிடித்தால், இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். அங்கே ரப்பருக்குப் பதிலாக உலோகத் தாங்கிகளை இட்டபின் பிணைப்பதே முறை. அதிர்வும் ஓசையும் சற்று மிகும் என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

பொருத்தும்போது மறக்கக்கூடாத விதி ஒன்று உண்டு: வண்டி தன் சக்கரங்களின் மேல், தன் முழு எடையோடு நிற்க வேண்டும். நடுவில் தூக்கும் இருதூண் லிஃப்டில் ஏற்றினால் முன்முனையும் பின்முனையும் தொங்கும். அந்த நிலையில் பற்றவைத்தால் தொங்கிய வடிவமே நிலைத்துவிடும். சக்கரங்களைத் தாங்கும் நால்தூண் லிஃப்டோ உறுதியான சாய்தளமோ இதற்கு ஏற்றது. தொடங்கும் முன் கதவு இடைவெளிகளை அளந்து குறித்துக்கொண்டு, முனைகளைப் புள்ளிகளாகப் பற்றவைத்த பிறகு மறுபடி அளக்க வேண்டும். திறந்த கூரை வண்டியில் கதவுகளை மூடியே வைத்து, இடைவெளி சீராகும்வரை ஜாக்கியால் மெல்லத் தாங்கிக்கொடுத்த பின்னரே பற்றவைக்கலாம்.

இதற்கும் முந்திய வேலை துருவைப் பார்ப்பது. நீள்சட்டமே அரித்திருந்தால், அதில் பிணைப்பது மட்கிய சுவரில் உத்திரம் ஏற்றுவதற்கு ஒப்பாகும். அரித்த பகுதியை வெட்டி நீக்கிப் புதுத்தகடு வைக்காமல் மேலே செல்லக்கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். இருக்கைகள், தரைவிரிப்பு, அதன் அடியிலுள்ள ஒலித்தடுப்புப் பஞ்சு ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும். தரைத்தகட்டின் மறுபுறம் தீப்பற்றுவது அங்கிருந்துதான். எரிபொருள் குழாய், பிரேக் குழாய், மின்கம்பிகள் செல்லும் வழியை அறிந்து ஒதுக்கி, தீயணைப்பானுடன் ஒருவரை உள்ளே காவலுக்கு இருத்துவது கட்டாயம். 3 மில்லிமீட்டர் குழாயையும் அதைவிட மிக மெல்லிய தரைத்தகட்டையும் சேர்க்கும்போது, வெப்பத்தைக் குழாயின் பக்கமே அதிகம் செலுத்தி, சிறு சிறு தையல்களாக இடமும் வலமும் மாறி மாறிப் பற்றவைத்தால் தகடு கோணாது. முடிந்ததும் பற்றவைத்த இடங்களைச் சுத்தம் செய்து, பிரைமரும் பெயிண்டும் பூசி, இணைப்போரங்களை அடைப்புப் பசையால் மூடி, குழாயின் உள்ளே துருத்தடுப்பு மெழுகைத் தெளிக்க வேண்டும்.

வழக்கில் இச்சொல்லை எப்படி ஆள்வது என்பது பற்றிச் சிறு குறிப்பு. இரண்டு குழாய்களை இடப் பிணையுத்திரம், வலப் பிணையுத்திரம் என்று பிரித்துச் சொல்லலாம். பூட்டும் முறையைச் சொல்ல வேண்டுமானால் மரையாணிப் பிணையுத்திரம், பற்றவைப்புப் பிணையுத்திரம் என்பவை போதும். இரண்டையும் குறுக்கே கட்டும் துண்டு ‘குறுக்குப் பிணை’ ஆகும். பட்டறையில் பேசும்போது ‘கனெக்டர்’ என்றே சொல்வார்கள், அதில் தவறில்லை. செய்முறைக் கையேடும் பாகப் பட்டியலும் தமிழில் எழுதும்போது ‘பிணையுத்திரம்’ என்று முதலில் எழுதி, அடுத்துச் ‘சப்ஃப்ரேம் கனெக்டர்’ என்பதை ஒருமுறை தமிழ் எழுத்தில் குறித்துவிட்டால், கடையில் கேட்பவருக்கும் வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்பவருக்கும் குழப்பம் நேராது.