சொல் விளக்கம்: சம்இஃப் – நிபந்தனைத் தொகை

ஒரு மளிகைக் கடையின் கடன் விற்பனை முழுவதும் எக்செலில் ஒரே தாளில் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நெடுவரிசையில் தேதி, இரண்டாவதில் வாடிக்கையாளர் பெயர், மூன்றாவதில் பணம். ஏப்ரல் 3 கௌரி 450, ஏப்ரல் 5 முருகன் 1,200, ஏப்ரல் 9 கௌரி 300. கௌரியின் பாக்கி எவ்வளவு என்று பார்க்க, எல்லா வரிகளையும் ஒருசேரக் கூட்டும் ‘சம்’ உதவாது. பெயர் நெடுவரிசையில் கௌரி என்று இருக்கும் வரிகளை மட்டும் பொறுக்கி, அவற்றுக்கு நேரே உள்ள பணத்தைக் கூட்ட வேண்டும். அதைச் செய்யும் செயற்கூறுதான் (எக்செலில் ஆயத்தமாக இருக்கும் கணக்கு ஆணை) சம்இஃப் (SUMIF). விடை 750.

வேலை புதிதல்ல. குறிப்பேட்டில் நாள்வாரியாக எழுதியதைப் பேரேட்டில் ஆள்வாரியாக ஏற்றுவதைக் கணக்குப்பதிவியல் பாடநூல்கள் ‘எடுத்தெழுதுதல்’ என்கின்றன. கௌரிக்கு ஒரு பக்கம், முருகனுக்கு ஒரு பக்கம், பக்கத்தின் அடியில் அவரவர் பாக்கி. அந்த அடியில் வரும் எண்ணைப் பேரேடு எழுதாமலேயே குறிப்பேட்டிலிருந்து நேராக எடுத்துத் தருகிறது சம்இஃப்.

பெயரின் முதல் பாதியான ‘சம்’ லத்தீனின் ‘சும்மா’விலிருந்து வந்தது. நம் சும்மாவுக்கும் அதற்கும் உறவில்லை; அங்கே அதன் பொருள் உச்சி, மேலே இருப்பது. ரோமானியர் எண்களைக் கீழிருந்து மேலாகக் கூட்டி விடையை உச்சியில் எழுதியதால் அந்தச் சொல்லுக்குக் கூட்டுத்தொகை என்ற பொருள் ஏறியது என்பது சொற்பிறப்பு அறிஞர்கள் தரும் விளக்கம். ‘இஃப்’ பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். இரண்டையும் இடைவெளியில்லாமல் ஒட்டியதுதான் செயற்கூற்றின் பெயர். ஜெர்மன் எக்செலில் இதே செயற்கூறு ‘சும்மெவென்’, பிரெஞ்சில் ‘சோம்.சி’. இரண்டும் ஆங்கிலப் பெயரின் நேர் பெயர்ப்புகள்; அந்த மொழிகளில் ‘இஃப்’புக்கு நிகரான தனிச் சொல் இருப்பதால் அது முடிந்தது.

தமிழில் அப்படிச் செய்ய முடியாது. நம்மிடம் நிபந்தனை வினையின் விகுதியாக வரும். இருந்தால், வந்தால், செய்தால் என்பதில் ‘ஆல்’ தனியே நிற்பதில்லை. பழைய தமிழில் இதே வேலையைச் செய்தது, செய்தால் என்று பொருள்படும் ‘செயின்’. நன்னூல் அடுக்கும் வினையெச்ச வாய்பாடுகளில் அதுவும் ஒன்று. ஆகவே சம்இஃப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கூட்டினால்’ என்று வரும். அது தவறு மட்டுமல்ல, பொருளையே புரட்டிப்போடுகிறது. கூட்டினால் என்றால் கூட்டுவதே நிபந்தனை ஆகிவிடுகிறது. இங்கே நிபந்தனை வரியைப் பற்றியது. கூட்டல் அதன் விளைவு. மொழிபெயர்ப்புக் கருவிகளை நம்பி இதைப் பயிற்சிக் குறிப்புகளில் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் என்ன சொல்லலாம்? முதலில் ‘சம்’. கூட்டல் என்பது செயல், தொகை என்பது விடை. கட்டத்தில் வந்து உட்காருவது விடைதான் என்பதால் ‘தொகை’யே பொருத்தம். இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. தொகு என்ற வினைக்குச் சேர்ப்பது என்பதோடு, தேர்ந்து சேர்ப்பது என்ற பொருளும் இலக்கிய மரபில் ஊறியிருக்கிறது. எட்டுத்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். அகப்பாட்டுகளில் 4 முதல் 8 அடி வரை உள்ளவை குறுந்தொகைக்குப் போயின, 9 முதல் 12 அடி வரை உள்ளவை நற்றிணைக்கு, 13 முதல் 31 அடி வரை உள்ளவை நெடுந்தொகை என்றும் பெயர் கொண்ட அகநானூற்றுக்கு. அடியளவு என்ற நிபந்தனையை வைத்துப் பாட்டுகளைப் பிரித்திருக்கிறார்கள். (குறுந்தொகையின் 307, 391 ஆம் பாட்டுகள் மட்டும் 9 அடியில் இருக்கின்றன.) நிபந்தனை வைத்துச் சேர்ப்பது தொகைக்குப் புதிய வேலை இல்லை.

அடுத்தது ‘நிபந்தனை’. ‘பந்த்’, அதாவது கட்டு, என்ற வடமொழி வேரிலிருந்து வந்த சொல். அதன் உறவான ‘நிவந்தம்’ கோயில் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும்: விளக்கெரிக்க, அமுது படைக்க என்று குறித்த செலவுக்குக் கட்டுப்படுத்தி விட்ட கொடை. வடசொல் என்பதால் இதைத் தள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘விதி’ என்று போடுவோரும் உண்டு. ஆனால் விதி பொதுவானது, எல்லா வரிக்கும் ஒன்றுபோலச் செல்வது. ஒரு வரி உள்ளே வரலாமா கூடாதா என்று வாசலில் நின்று கேட்பது நிபந்தனைதான்.

இனி, தமிழில் யோசிப்பவருக்கு சம்இஃப் எளிதாகவும் பல நிபந்தனைகள் வைத்துக் கூட்டும் அதன் தம்பி சம்இஃப்ஸ் (SUMIFS) கடினமாகவும் படுவது ஏன் என்று பார்க்கலாம். சம்இஃப்பின் அடைப்புக்குறிக்குள் மூன்று உறுப்புகள்: தேடும் நெடுவரிசை, நிபந்தனை, கூட்டும் நெடுவரிசை. ‘பெயர் நெடுவரிசையில், கௌரி என்று இருந்தால், பணத்தைக் கூட்டு.’ அப்படியே தமிழ்த் தொடரின் வரிசை. நிபந்தனை முன்னால், வினை கடைசியில். வகுப்பில் இந்தத் தொடரைச் சொல்லவைத்துவிட்டு வாய்பாட்டைத் தட்டச் சொன்னால் போதும். மூன்றாவது உறுப்பை விட்டுவிட்டால் தேடிய நெடுவரிசையையே கூட்டும்; 500-க்கு மேற்பட்ட விற்பனையை மட்டும் கூட்டு என்பதற்கு அது ஏற்றது. ஒப்பீட்டுக் குறியோடு வரும் நிபந்தனையை ">500" என்று இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும்.

எக்செல் 2007-இல் வந்த சம்இஃப்ஸில் இந்த வரிசை மாறிவிட்டது. கூட்டும் நெடுவரிசை முதலில் வரும், பிறகு தேடும் நெடுவரிசையும் நிபந்தனையும் இணை இணையாக. மொத்தம் 127 இணைகள் வரை போடலாம் என்பதால், ஒரே ஒரு முறை வருவதைத் தலையில் வைத்துவிட்டார்கள். காரணம் நியாயமானது, ஆனாலும் சம்இஃப் பழகிய கை இங்கே தடுமாறும். கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ஸ்’ தொகைகளின் பன்மை அல்ல, நிபந்தனைகளின் பன்மை. ஆகவே ‘பல நிபந்தனைத் தொகை’ என்பது சரி, ‘நிபந்தனைத் தொகைகள்’ என்பது பிழை. அந்தப் பல நிபந்தனைகளும் ஒரே வரியில் ஒருசேர நிறைவேற வேண்டும். பெயர் கௌரி, தேதி ஏப்ரல் 5-க்குப் பின் என்றால் 300 வரும். பெயர் கௌரி, பெயர் முருகன் என்று இரண்டையும் போட்டால் 0 வரும், ஏனென்றால் எந்த வரியிலும் இரண்டு பெயர் இல்லை. ‘அல்லது’ வேண்டும் என்றால் இரண்டு சம்இஃப் எழுதிக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

தமிழில் கணக்கு வைப்பவருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மேலே சொன்ன தாளில் ஏப்ரல் 12-இல் கௌரி இன்னும் 275-க்கு வாங்குகிறார். அந்த வரியை வேறொருவர் ‘கெளரி’ என்று தட்டிவிடுகிறார். ஒன்று ஔகாரக் குறியோடு எழுதியது, மற்றது கெ, ள, ரி என்று மூன்று எழுத்து. திரையில் பல எழுத்துருக்களில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். சம்இஃப்புக்கு அவை இரண்டு வெவ்வேறு ஆட்கள்; 1,025 காட்ட வேண்டிய இடத்தில் 750 காட்டும், பிழைச் செய்தியும் வராது. பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒற்றை இடைவெளியும் இதையேதான் செய்யும். எனவே பெயர்களை ஒவ்வொரு முறையும் தட்டாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைத்துவிடுவதே நல்லது.

இதற்கு நேர்மாறான ஆபத்து, வேறான இரண்டை ஒன்றென்று எடுத்துக்கொள்வது. எக்செல் ஓர் எண்ணை 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்களை உரையாகச் சேமித்திருந்தாலும், சம்இஃப் அவற்றை எண்ணாக மாற்றியே ஒப்பிடுகிறது. கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு கணக்குகளின் பணம் ஒன்றாகக் கலந்துவிடும். நிபந்தனையின் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறியைச் சேர்த்தால் உரையாகவே ஒப்பிடும், கலப்பு நீங்கும்.

‘தெரிதொகை’ என்று ஒரு சொல்லும் ஆக்கலாம். தெரிதல் என்றால் தேர்தல். தெரிந்த, தெரிகின்ற, தெரியும் தொகை என்று விரியும் வினைத்தொகை, விரிதாள் போலவே. அழகான சொல்தான். ஆனால் இன்றைய வாசகர் காதில் தெரி என்பது கண்ணுக்குத் தெரிவதாகவே விழும். மேலும் கவுண்ட்இஃப், ஆவரேஜ்இஃப் என்று இந்தக் குடும்பம் பெரியது. நிபந்தனை எண்ணிக்கை, நிபந்தனைச் சராசரி என்று அவற்றுக்கும் ஒரே அடைமொழி பொருந்துகிறது. அதனால் பாடக் குறிப்பிலும் தாளின் தலைப்பிலும் நிபந்தனைத் தொகை என்றே எழுதலாம். வாய்பாட்டுப் பட்டையில் மட்டும் ஆங்கில எழுத்தில் சம்இஃப் என்று தட்டினால் போதும்.