ட்ரையாஜ் என்பது தரம் பிரிப்பது அல்ல

'நோயாளிகளைத் தரம் பிரித்தல்.' அவசர சிகிச்சைப் பயிற்சிக்கான தமிழ்க் குறிப்புகளில் இந்தத் தொடர் கண்ணில் படும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. சமீபத்தில் ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கான ஒரு கையேட்டில் ஓர் அத்தியாயத்தின் தலைப்பாகவே அது உட்கார்ந்திருந்தது. ட்ரையாஜ் என்ற சொல்லுக்குத்தான் இந்தத் தமிழாக்கம். பலர் ஒரே நேரத்தில் காயம்பட்டோ நோயுற்றோ வரும்போது யாரை முதலில் கவனிப்பது என்று விரைவாக முடிவு செய்வதுதான் ட்ரையாஜ்.

சொல்லின் மூலம் பிரெஞ்சு. 'த்ரியே' என்றால் பொறுக்கிப் பிரிப்பது. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஆட்டு ரோமத்தைப் பிரிப்பதற்கும், பின்னர் காப்பிக் கொட்டை வியாபாரத்திலும் இது வழங்கியது. நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த லாரே, பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்துச் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார். ஆனால் அந்த வேலைக்கு ட்ரையாஜ் என்ற பெயர் நிலைத்தது முதல் உலகப்போரில், பிரெஞ்சு ராணுவ மருத்துவ முகாம்களில்தான்.

'ரோமத்தைத் தரம் பிரித்த சொல்தானே, தரம் பிரித்தல் என்று சொன்னால் என்ன தப்பு?' என்று கேட்பார்கள். மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்துக்கொண்டு நின்றுவிட்டார், அதுதான் தப்பு. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதைவிட இன்று எந்த வேலையைச் செய்கிறது என்பதற்குத்தான் தமிழ் வேண்டும்.

தமிழில் தரம் பிரிப்பது மஞ்சளை, மாம்பழத்தை, பருத்தியை. அங்கே முதல் தரம் என்றால் நல்ல சரக்கு, கடைசித் தரம் என்றால் கழிவு. ட்ரையாஜில் முதலில் நிற்பவர் உயிருக்குப் போராடுபவர். அவரை முதல் தரம் என்பதா, கடைசித் தரம் என்பதா? முடிவைக் காட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு நிற அட்டை கட்டுவார்கள்: உடனே கவனிக்க வேண்டியவருக்குச் சிவப்பு, சற்றுக் காத்திருக்கக்கூடியவருக்கு மஞ்சள், லேசான காயத்துக்குப் பச்சை, இறந்தவருக்கோ பிழைக்க வாய்ப்பில்லாதவருக்கோ கறுப்பு. கறுப்பு அட்டை கட்டப்படுபவரை நினைத்தால் இன்னும் மோசம். மூச்சுப்பாதையைத் திறந்துவிட்ட பிறகும் மூச்சு வராதவருக்கு அந்த அட்டை. அவரைத் தரம் குறைந்தவர் என்று சொல்லும் ஒரு தொடரைப் பயிற்சி வகுப்பில் எப்படி வாய்விட்டுப் படிப்பது?

சொல் சரியில்லை என்றால் முடிவும் கோணலாகும் என்று நான் நம்புகிறேன். பேருந்து கவிழ்ந்த இடம் ஒன்றைப் பயிற்சிக்காக அமைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலெலும்பு முறிந்த ஒருவர் அலறிக்கொண்டிருக்கிறார். அவருக்கு மூச்சு நிமிடத்துக்கு 24, மணிக்கட்டில் நாடி கிடைக்கிறது, சொன்னதைச் செய்கிறார். வரப்போரம் இன்னொருவர் சத்தமில்லாமல் சாய்ந்திருக்கிறார். உடம்பில் ரத்தக் கசிவு எதுவும் தெரியவில்லை, ஆனால் எழுந்து நடக்க முடியவில்லை. மூச்சை எண்ணினால் 36. புதிதாக வந்தவர்கள் அலறுபவரிடம்தான் ஓடுவார்கள். 1983இல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் உருவான 'ஸ்டார்ட்' என்ற ட்ரையாஜ் முறையின்படி, நடக்க முடியாதவருக்கு மூச்சு 30ஐத் தாண்டினால் வேறு கேள்வியே இல்லை, சிவப்பு. அலறுபவர் மஞ்சள். ஓர் ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குள் முடிவு எடுக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் பயிற்சி பெறுபவர் மனதில் ஓட வேண்டிய கேள்வி 'யார் காத்திருக்க முடியாது?' என்பது. 'எந்தத் தரம்?' என்ற கேள்வி அந்த இடத்துக்கு அவரைக் கொண்டுபோகாது.

தரம் என்பது பொருளோடு ஒட்டிக்கொண்ட குணம். ட்ரையாஜ் அப்படி ஒட்டி நிற்பதில்லை. மஞ்சளில் வைத்தவர் பத்து நிமிடத்தில் சிவப்புக்குப் போகலாம். திரும்பத் திரும்பப் பார்ப்பதும் அந்த வேலைதான். அதில் நேரும் பிழையும் இரண்டு பக்கமும் ஒரே எடை கொண்டதல்ல. விபத்துக் காயங்களில் ஆபத்தைக் குறைத்து மதிப்பிடும் பிழை 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க அறுவை மருத்துவர்களின் அமைப்பான 'அமெரிக்கன் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ்'. கூட்டி மதிப்பிடும் பிழையை 25 முதல் 35 சதவீதம் வரை பொறுத்துக்கொள்கிறது. சந்தேகம் வந்தால் மேலே ஏற்று என்பது இதன் பொருள். மாம்பழ மண்டியில் இந்த நியாயம் செல்லாது.

'வகைப்படுத்தல்' என்பார்கள் சிலர். பொருள் தவறில்லை, ஆனால் சப்பென்று இருக்கிறது. எதையும் வகைப்படுத்தலாம், அதில் நேரத்தின் நெருக்கடி இல்லை. 'முன்னுரிமை அளித்தல்' சற்று மேல். ஆனால் உரிமை என்று வந்ததும் வாசலில் காத்திருக்கும் உறவினர், 'எங்களுக்கு மட்டும் உரிமை இல்லையா?' என்று சண்டைக்கு வருவார். வரிசையில் பின்னால் நிற்பவரும் உரிமை இழந்தவர் அல்ல.

நான் சொல்வது 'அவசர வரிசை'. வினையாக வேண்டுமானால் 'அவசர வரிசைப்படுத்தல்'. அவசரம் வடசொல்லாயிற்றே, 'உடனடி வரிசை' என்று வைக்கலாமே என்று தூய தமிழ் அன்பர்கள் கேட்கலாம். தமிழ்ச்சொல் கிடைக்கும் இடத்தில் அதை விடக்கூடாது என்பதுதான் என் கட்சியும். ஆனால் உடனடி என்றால் இந்தக் கணமே என்று பொருள். பச்சை அட்டைக்காரர் இந்தக் கணத்துக்கு உரியவர் அல்ல, அவரும் இந்த வரிசையில்தான் இருக்கிறார். அவசரம் கூடும், குறையும். உடனடி அப்படிக் கூடிக் குறைவதில்லை. அவசர சிகிச்சைப் பிரிவு என்று ஊரே சொல்கிறது. 'சிஸ்டர், இவர் அவசர வரிசையில் எந்த நிறம்?' என்று கேட்டால், தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பகுதிகளில் வேலை பார்க்கும் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இந்த மாதிரி மொழிபெயர்ப்புகள் தனியாக வருவதில்லை. அதே கையேட்டில் அக்யூட் கேர் என்பது 'கடுமையான பராமரிப்பு' ஆகியிருந்தது. அக்யூட் என்றால் கடுமை என்று யார் சொன்னது? நாள்பட்ட நோய்க்கு எதிர்ப்பக்கம் நிற்பது அது. திடீரென்று வந்து விரைவாக ஏறும் நோய். சாதாரணச் சளியும் அக்யூட்தான், அதில் கடுமை ஒன்றும் இல்லை. 'திடீர் நோய்ச் சிகிச்சை' என்றாலே போதும். செய்தித்தாள்காரர்கள் 'கவலைக்கிடம்' என்று அழகாகச் சொல்லிவந்த கிரிட்டிக்கல் நிலையை 'விமர்சன நிலை' என்று எழுதும் காலம் இது. பயிற்சிக் குறிப்பை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு ஸ்டாஃப் நர்ஸிடமோ 108 வண்டியில் போகும் பணியாளரிடமோ ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டியிருந்தால், தரம் பிரித்தல் அன்றே அடிபட்டுப் போயிருக்கும்.